செருப்புக் காலோடு நெல்லின் மேல்

தலைமையாசிரியர் இருந்தார். அறிவியல் டீச்சர் இருந்தார். சத்துணவு சமைக்கிற அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ஊராட்சித் தலைவிக்குப் பதிலாக அவர் வீட்டுக்காரர் வந்திருந்தார். ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர் வந்திருந்தார், அவர் பையன் எட்டாம் வகுப்பு. தாய்மார்கள் சிலர் இருந்தார்கள். என் மனைவி இருந்தாள். நான் இருந்தேன். ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் என் மகள் இருந்தாள். ஏழாம் வகுப்பு. பிறந்ததிலிருந்து அவளுக்குக் கால் நிற்காது.

பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம்.

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே எங்கள் ஊர். கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் ஒரே ஒரு சிமெண்டு ரோடு. அதன் கிழக்கு முனையில் பள்ளிக்கூடம். மேற்கு முனையில் சுனாமிக்குப் பிறகு கட்டிய பாதுகாப்புக் கட்டடம். உயரமான தூண்களின் மேல் நிற்கும். ஏறுவதற்குச் சாய்தளம் உண்டு. ஊரில் அதை மாடிக் கட்டடம் என்போம். சும்மா கிடக்கிற நாளில் கல்யாணப் பந்தி அங்கேதான் நடக்கும்.

டீச்சர் புதிதாக மாற்றலாகி வந்தவர். தஞ்சாவூர்ப் பக்கம். வந்த புதிதில் எங்களிடம் ஒன்று கேட்டார். சுனாமித் தண்ணீர் இந்தச் சுவரில் எதுவரை நின்றது? ஆளுக்கு ஆள் கையை வைத்துக் காட்டினோம். அங்கே சாக்கட்டியால் கோடு போட்டார். கூட்டத்தன்று அந்தக் கோடு எங்களுக்கு எதிரே இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்தால் என் மகளின் தலை கோட்டுக்குக் கீழே. எல்லோரும் பார்த்தார்கள்.

டீச்சர் ஒரு பெரிய தாம்பாளத்தை மேசைமேல் வைத்தார். ஒரு பக்கம் மண்ணைச் சரிவாகக் குவித்து, தீப்பெட்டிகளை வீடுகளாக அடுக்கியிருந்தார். மறுபக்கம் தண்ணீர். தண்ணீருக்குள் ஒரு தகடு.

"இது கடலுக்கு அடியில உள்ள தரை. நில நடுக்கத்துல இப்படி எகிறும்" என்று தகட்டை வெடுக்கென்று தூக்கினார். தண்ணீர் முதலில் மண்ணைவிட்டு விலகியது. பிறகு ஏறியது. தீப்பெட்டிகள் மிதந்தன.

இதை நாங்கள் பெரிய அளவில் பார்த்தவர்கள்.

சத்துணவு அக்காதான் முதலில் பேசினார். "அந்தத் தாம்பாளத்துலதான் டீச்சர் நாளைக்கு முட்டை உரிச்சுப் போடணும். மண்ண நல்லா அலசிக் குடுங்க."

"ஊரே முழுகிப்போச்சு, உனக்குத் தட்டு கவலை" என்றார் தலைவியின் வீட்டுக்காரர்.

"ஊரு முழுகினாலும் மத்தியானம் பசிக்கும்லண்ணே."

எல்லோரும் சிரித்தோம். அதற்குப் பிறகு டீச்சர் சொன்னது காதில் ஏறியது. தரை ஆடினால் பெஞ்சுக்கு அடியில் போ, தலையை மூடு, பெஞ்சுக் காலைப் பிடி. ஆட்டம் நின்றதும் வெளியே வா. கடல் உள்வாங்கினால் வேடிக்கை பார்க்கப் போகாதே, மீன் பொறுக்கப் போகாதே. யாராவது வந்து சொல்லட்டும் என்று நிற்காதே. நேரே மாடிக் கட்டடம். ஒத்திகைக்கு மட்டும் கையால் சுற்றுகிற சங்கு ஒன்று ஊதும்.

பெற்றோருக்கு ஒரே விதி. பள்ளிக்கூடத்துக்கு ஓடி வரக்கூடாது.

"புள்ளைய வுட்டுட்டு நாங்க எப்படிங்க போறது?" என்று ஒரு தாய் கேட்டாள்.

"நீங்க எதிர்ல ஓடி வந்தா ரோடு அடைச்சுக்கும். புள்ளைங்கள நாங்க கூட்டியாரோம். மேல வந்து வாங்கிக்குங்க."

தலைமையாசிரியர் எழுந்தார். "மேல போனதும் எண்ணுவோம். பள்ளிக்கூடத்துல எழுபத்தொரு பேரு. எழுபத்தொன்னு வரணும்." பிறகு என்னைப் பார்த்தார். நல்ல மனுஷன். நல்ல மனதோடுதான் சொன்னார். "ஒத்திகை அன்னைக்கு உங்க பாப்பாவுக்கு லீவு குடுத்துடுறேன். அத ஏன் சிரமப்படுத்தணும்?"

என் மகள் கேட்டாள்: "தண்ணி வர்ற அன்னைக்கும் லீவுங்களா சார்?"

அக்கா சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். தலைமையாசிரியர் உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. ஐந்தாம் வகுப்போடு சரி. "நான் வந்து தூக்கிட்டுப் போறேன்" என்றேன். அவளைத் தினமும் முதுகில் தூக்குகிறவன் நான். சக்கர நாற்காலி பள்ளிக்கூடத்துக்குள் ஓடும். வெளியே ரோட்டில் மணல் ஏறிக் கிடக்கும். சக்கரம் புதையும்.

"நீங்க வயல்ல இருந்தா?" என்றார் டீச்சர்.

"ஓடியாந்துருவேன்."

"சரிங்க. பாப்போம்."

முதல் ஒத்திகை அன்று நான் வயலில் களை எடுத்துக்கொண்டிருந்தேன். சங்கு கேட்டது. ஓடினேன். வரப்பில் ஓடுவது லேசில்லை. வாய்க்கால் மதகு வந்தால் பாதை பிரியும். ஒரு பக்கம் மாடிக் கட்டடம், ஒரு பக்கம் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பினேன். எதிரே பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒதுங்கி நின்றார்கள். என்னால் வரிசை நின்றது. டீச்சர் சொன்னது சரிதான்.

வகுப்பில் என் மகள் நாற்காலியின் பிரேக்கைப் போட்டு, பையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் டீச்சர், கையில் கடிகாரம்.

"தண்ணி வந்து ரொம்ப நேரமாச்சுங்க" என்றார் டீச்சர்.

"நாம மூணு பேரும் போயாச்சுப்பா" என்றாள் மகள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

முதுகில் தூக்கிக்கொண்டு நடந்தேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தலைமையாசிரியர் எண்ணி முடித்திருந்தார். எழுபது.

திரும்பும்போது என் காதருகே சொன்னாள். "அப்பா. நீ என்னத் தூக்க வராத. நீயும் போயிட்டா அம்மா தனியாக் கெடக்கும்."

அவளை முதுகில் ஏற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

எங்கள் ஊர்ப் பிள்ளைகள் திருவிழா முடிந்த மறுநாள் சாமி தூக்கி விளையாடுவார்கள். ஒரு பலகை, இரண்டு கழி, மேலே ஒரு செங்கல். செங்கல்லுக்குப் பூ வைத்துத் தெரு சுற்றுவார்கள். என் மகள் வாசலில் உட்கார்ந்து தகர டப்பாவில் மேளம் அடிப்பாள். அவளுடைய பங்கு எப்போதும் அதுதான்.

அவள்தான் டீச்சரிடம் சொல்லியிருக்கிறாள். "செங்கல்லுக்குப் பதிலா நான் உக்காந்துக்கறேன் டீச்சர்."

டீச்சர் ஒரு கைவைத்த மர நாற்காலியை எடுத்தார். நான் கொல்லையில் மூங்கில் வெட்டிக் கொடுத்தேன். நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கிலை வைத்துக் கயிற்றால் கட்டினோம். எட்டாம் வகுப்பிலிருந்து இரண்டு பையன்கள், இரண்டு பெண்பிள்ளைகள். அதில் ஒருவன் டிராக்டர்காரர் மகன். என் துண்டை அவள் இடுப்போடு சேர்த்து நாற்காலியில் கட்டினேன்.

முதல் தடவை தூக்கியதும் பிள்ளைகளுக்குப் பழக்கம் வந்துவிட்டது. சாமியை ஆட்டுவதுபோல் இடமும் வலமும் ஆட்டினார்கள். போதாததற்கு ஒரு வீட்டு வாசலில் நின்றுவிட்டார்கள். ஏன் நின்றீர்கள் என்று டீச்சர் கேட்டார்.

"வீட்டுக்கு வீடு நிக்கணும்ல டீச்சர். சூடம் ஏத்தித் தீவாரனை காட்டுவாங்க" என்றான் ஒருவன்.

"தண்ணிக்குத் தீவாரனை காட்டுறியா? நடடா."

ஒரு நாள் கயிறு நழுவி மணலில் சாய்த்துவிட்டார்கள். முழங்கை சிராய்த்தது. என் மனைவி பள்ளிக்கூடத்துக்கே போய் நின்றாள். "எம் புள்ள உங்களுக்கு விளையாட்டுச் சாமானா?" என்றாள்.

மகள் சொன்னாள்: "அம்மா, பெருமழை அன்னைக்கு நெசச் சாமியவே கீழ போட்டாங்க. அது கோச்சுக்கவா செஞ்சுது? வீட்டுக்குப் போ."

அதன் பிறகு கயிற்றை நான் கட்டினேன். வைக்கோல் பாரம் கட்டுகிற கட்டு. அது நழுவாது. தோள் மாற்றுவதற்கு அவளே குரல் கொடுத்தாள். நடை நிற்காமல் தோள் மாறப் பழகினார்கள்.

டீக்கடையில் டிராக்டர்காரர் கேட்டார். "என்னப்பா, உம் மவளுக்குப் பல்லக்காமே?"

"ஆமாங்க."

"எம் பையந்தான் தூக்குறானாமே?"

"ஆமாங்க. நல்லாத் தூக்குறான்."

அவர் டீயைக் குடித்தார். நானும் குடித்தேன்.

இரண்டாம் ஒத்திகை சம்பா அறுப்பு நேரத்தில் வந்தது. அறுத்த நெல் மழையில் நனைந்திருந்தது. ஈரம் இருந்தால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். களத்தில் இடமில்லை. ஊரே ரோட்டில் கொட்டிக் காயவைத்தது. நானும் கொட்டினேன். ரோட்டின் முழு அகலத்துக்கும் பரப்பியிருந்தேன். ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் கருவை முள்.

அன்று சங்கு ஊதியபோது நான் நெல்லைத் துழாவிக்கொண்டு அங்கேயே இருந்தேன். பிள்ளைகள் வந்தார்கள். முன்னால் வந்த சின்னப் பிள்ளைகள் நெல்லைப் பார்த்ததும் நின்றார்கள். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார்கள். ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக, வாய்க்கால் கரையில் காலை வைத்து நடந்தார்கள். பின்னால் வந்தவர்களும் அப்படியே. யாரும் சொல்லவில்லை. நெல்லைத் துழாவுகிறவன் வெறுங்காலால் துழாவுவான். செருப்புக் கால் நெல்லில் படக்கூடாது. இதை எங்கள் ஊரில் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

நாற்காலி வந்தது. ஓரத்தில் போக அகலம் போதாது. நான்கு பேரும் நின்றார்கள்.

"நடங்க" என்றாள் என் மகள்.

"உங்க நெல்லு" என்றான் டிராக்டர்காரர் மகன்.

"செருப்பக் கழட்டவும் முடியாது, கைல கழி இருக்கு" என்றாள் இன்னொருத்தி.

நான் வாரியை எடுத்து நெல்லை ஒதுக்கத் தொடங்கினேன். வழி விடுவதற்குள் மாடிக் கட்டடத்தில் விசில் கேட்டது. நேரம் முடிந்தது. மேலே எண்ணினார்கள். அறுபத்தாறு.

அதுவரை ஒன்று குறைந்தது. இப்போது ஐந்து.

தலைமையாசிரியர் அறைக்கு டிராக்டர்காரர் வந்தார். சத்தம் போடவில்லை. "எம் பையன் நல்லவன். தூக்கட்டும். ஆனா அவனுக்கும் உசுருதான்" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் அதையே சொல்லியிருப்பேன்.

தலைமையாசிரியர் என்னைப் பார்க்காமல் பேசினார். "அடுத்த ஒத்திகைக்குத் தாலுகா ஆபீஸ்லேருந்து வராங்க. தீயணைப்பு ஆளுங்களும் வராங்க. அதுல நாற்காலி நேரத்துக்கு வந்துட்டா எப்பவும் வரும். வரலன்னா பாப்பா வீட்டுல இருக்கட்டும். எழுபதுன்னு வச்சுக்குவோம்."

எழுபது என்று அவர் சொன்னது எனக்குள் எங்கேயோ போய் உட்கார்ந்தது.

"நெல்ல அள்ளிடுறேன் சார்" என்றேன்.

"ஏன் அள்ளணும்?" என்றார் டீச்சர். "அன்னைக்கு ஒருநாள் அள்ளிட்டா? நெசமா வர்றப்ப அறுப்பு முடிஞ்சு, நெல்லு காஞ்சு, அதுக்கப்புறமா வரும்? நெல்லு கெடக்கட்டும். புள்ளைங்க மிதிச்சுப் பழகட்டும்."

பழகவில்லை. டீச்சர் மறுநாள் பிள்ளைகளைக் கூட்டிவந்து நெல்லில் நடக்கச் சொன்னார். ஒருவரும் நடக்கவில்லை. டீச்சர் சலித்துப்போனார். ரோட்டில் டிராக்டர் இதே நெல்மேல் போகிறதே என்று கேட்டார்.

"டயருக்கு என்ன டீச்சர் தெரியும்?" என்றாள் ஒரு சின்னப்பெண்.

அன்று சாயங்காலம் மகள் என்னிடம் சொன்னாள். "அப்பா, நீ மிதிச்சுக் காட்டு. நெல்லுக்காரன் மிதிச்சாத்தான் அவங்க மிதிப்பாங்க."

நான் ராத்திரி சோற்றை முடித்துக் கை கழுவினேன்.

அந்த நெல் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். சுனாமிக்குப் பிறகு எங்கள் மண்ணில் உப்பு ஏறிவிட்டது. நட்ட நாற்று நுனியிலிருந்து கருகும். ஜிப்சம் போட்டோம், தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதோம், மழை வந்து கழுவட்டும் என்று வரப்பை உயர்த்திக் கட்டினோம். பல போகம் வைக்கோல்தான் கிடைத்தது. பதர் இல்லாத மணியைக் கையில் பிடித்த அன்று என் மனைவி அதை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

மறுநாள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் நானும் மனைவியும் ரோட்டுக்குப் போனோம். பிள்ளைகள் நின்றார்கள். நாற்காலியில் அவள் இருந்தாள். நான் செருப்பு மாட்டியிருந்தேன். நெல்லின் ஓரத்தில் நின்றேன். கொஞ்ச நேரம் நின்றேன்.

பிறகு காலை வைத்தேன்.

நறநறவென்றது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு நடந்தேன். திரும்பிப் பார்த்தேன். என் மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாள். பிறகு அவளும் செருப்பை மாட்டினாள். நெல்லின் நடுவே நடந்து என்னிடம் வந்தாள். "தண்ணி திங்கிறதுக்கு இவங்க மிதிச்சா மிதிக்கட்டும்" என்றாள்.

அப்புறம் பிள்ளைகள் வந்தார்கள். முதலில் நுனிக்காலில். பிறகு முழுக்காலில். பிறகு ஓடினார்கள். ஒருவன் சறுக்கி விளையாடினான்.

"போதும்டா, இங்கயே அரிசியாக்கிடுவீங்க போல" என்றான் டிராக்டர்காரர் மகன். கழியைத் தோளில் வைத்தான். நாற்காலி நெல்மேல் போனது. நிற்காமல் போனது.

மூன்றாம் ஒத்திகை அந்த வாரத்துக்குள்ளேயே வந்தது. எந்த நாள் என்று எங்களுக்குச் சொல்லவில்லை. நான் வயலில் இருந்தேன். அறுப்பு முடிந்த வயலின் வரப்பை வெட்டிக்கொண்டிருந்தேன். சங்கு ஊதியது.

மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். மதகுக்கு வந்தேன். பாதை பிரிகிற இடம். கால் தானாகப் பள்ளிக்கூடத்துப் பக்கம் திரும்பியது. நிறுத்தினேன். இது ஒத்திகை என்று எனக்குத் தெரியும். காலுக்குத் தெரியவில்லை. பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டி மாடிக் கட்டடத்துக்கு ஓடினேன். என் வாழ்க்கையில் நான் செய்த கஷ்டமான வேலை அதுதான். மூட்டை தூக்கியது, கிணறு வெட்டியது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

மேலே என் மனைவி ஏற்கெனவே வந்திருந்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். சத்துணவு அக்கா கரண்டியோடு வந்திருந்தார். அடுப்பை அணைத்துவிட்டுத்தான் வந்ததாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அதிகாரிகள் கைப்பிடிச் சுவரோரம் நின்றார்கள். டிராக்டர்காரர் நின்றார். அவருக்குப் பக்கத்தில் நானும் போய் நின்றேன்.

ரோடு முழுதும் தெரிந்தது. நெல் மஞ்சளாகக் கிடந்தது. எங்கள் நெல், பக்கத்து வீட்டு நெல், அதற்கடுத்தவர் நெல்.

சின்னப் பிள்ளைகள் வந்தார்கள். கைகோத்து, இரண்டிரண்டாக. நெல்லுக்கு வந்தார்கள். நிற்கவில்லை. ஏறி நடந்தார்கள்.

"செருப்போட போவுதுங்க" என்றார் அதிகாரிகளில் ஒருவர். அவரும் இந்தப் பக்கத்துக்காரர் போலிருக்கிறது.

"போவட்டுங்க" என்றேன். "எங்க நெல்லுதான்."

மற்ற வகுப்புகள் வந்தன. நாற்காலி தெரியவில்லை. டிராக்டர்காரர் கைப்பிடிச் சுவரை இறுக்கிப் பிடித்திருந்தார். நானும்தான். ரோடு யாருமில்லாமல் கொஞ்ச நேரம் கிடந்தது. என் மனைவி கண்ணை மூடிக்கொண்டாள்.

அப்புறம் திருப்பத்தில் மூங்கில் முனை தெரிந்தது.

நான்கு பேர். நடுவில் அவள், நிமிர்ந்து. பின்னால் டீச்சர். ஆட்டம் இல்லை. ஒரே சீரான நடை. நெல்மேல் ஏறினார்கள். பாதி நெல்லில் அவள் குரல் இங்கே கேட்டது. "தோள் மாத்து!" நடை நிற்காமல் தோள் மாறியது. நெல்லில் அவர்கள் வந்த வழி நேர்க்கோடாக விழுந்தது.

"எம் பையன் முன்னால இருக்கான் பாத்தீங்களா?" என்றார் டிராக்டர்காரர். "இடது பக்கம்."

"பாத்தேங்க. நல்லாத் தூக்குறான்."

சாய்தளத்தில் முன்னால் இருந்த இருவரும் கழியைக் கைக்கு இறக்கினார்கள். பின்னால் இருந்தவர்கள் தோளிலேயே வைத்தார்கள். நாற்காலி சாயாமல் ஏறியது. மேலே வந்து இறக்கினார்கள். விசில் இன்னும் ஊதவில்லை. அதற்குப் பிறகுதான் ஊதியது.

நான் அவளிடம் போகவில்லை. எண்ணி முடிக்கும்வரை யாரும் வரிசைக்குள் போகக்கூடாது என்பது விதி. தூரத்தில் நின்றேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"யாரு மொதல்ல வந்தாங்க, நீயா நானா?" என்று கேட்டாள்.

"நான்தான்."

"நல்லது" என்றாள்.

தலைமையாசிரியர் எண்ணட்டும் என்று டீச்சர் ஒதுங்கினார். அவர் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தார். வாய்விட்டு எண்ணினார். நாற்காலி வரிசையின் கடைசியில் இருந்தது. தூக்கிய நான்கு பேரின் தலையைத் தொட்டார். எழுபது என்றார். அங்கே கொஞ்சம் நின்றார். பிறகு குனிந்து என் மகளின் தலையில் கையை வைத்தார்.

எழுபத்தொன்று.